குடை பிடிக்காத மத்தியாஸ்

கம்பளையில் குடை இல்லாமல் நடமாடுகிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும். மத்தியாஸ் இரண்டுமில்லை. வருஷம் முழுக்கக் காலை ரயிலில் கண்டிக்குப் போய் மாலை ரயிலில் திரும்புகிற, கோட்டும் சப்பாத்தும் போட்ட, கண்ணியமான மனிதர். ஆனால் மழை கொட்டுகிற காலையிலும் தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்துதான் பிளாட்பாரத்துக்கு வந்து சேருவார். பெட்டியில் ஏறியதும் கோட்டைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே பிழிவார். அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கிறவர் முகத்தில் தெறிக்கும். தினமும் ஒரு சண்டை.

அந்தக் காலத்துக் கம்பளை, நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்தை, காலையில் ஒருமுறை காலியாகும், மாலையில் ஒருமுறை நிரம்பும். இடையில் ஊர் பெண்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சொந்தம். கண்டிக்கு உத்தியோகம் பார்க்கப் போகிற கிளாக்கர்மார், வாத்திமார், கடைச் சிப்பந்திகள், எல்லோரும் சீசன் டிக்கட்காரர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. தெரியாதவன் எவனாவது அதில் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கெலிஓயா வரைக்கும் முறைத்துக்கொண்டே வருவார்கள், அவனாக எழுந்துவிடுவான். யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறாள், யார் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், எல்லாம் பேராதனை வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட பெட்டியில், ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகப் போய் வருவது லேசுப்பட்ட காரியமா? மத்தியாஸ் போய் வந்தார்.

கண்டியில் சின்னப் புடவைக்கடை வைத்திருந்த ஜமால்தீனுக்கு மத்தியாஸின் எதிர் இருக்கை. வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"என்ன மத்தியாஸ், இண்டைக்கும் குளிச்சிட்டுத்தானா வாறீங்க? கம்பளையில இருந்துக்கிட்டு குடை புடிக்காத ஒரே மனிசன் நீங்கதான். நான் ஒண்டு வாங்கித் தாரேன், புடிங்களே!"

"குடை புடிச்சா எனக்குக் கை உளையும், ஜமால்தீன் நானா."

"கை உளைய அதென்ன அம்மிக்கல்லா?"

பெட்டி சிரிக்கும். மத்தியாஸும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே, முதல் வகுப்பில் எந்த வெள்ளைக்காரத் துரை ஏறுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது இதுதான். சொந்த ஊர் நீர்கொழும்பு, சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை, பாதிரிச் சுவாமிமார் வளர்த்துப் படிப்பித்து ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்த்துவிட்டார்கள். இதில் அச்சுக்கூடம் மட்டும் உண்மை. சுவாமிமார் பாதி உண்மை, வேலையில் சேர்த்துவிட்டது அவர்கள்தான், வளர்க்கவில்லை. நீர்கொழும்பை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

மத்தியாஸ் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் பிறந்தவர். வேதக்காரக் குடும்பம்தான், ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். துரை வந்தால், பெரிய கங்காணி வந்தால், விரித்த குடையை மடக்க வேண்டும். காலில் செருப்புக் கிடந்தால் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். பாதையை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் நின்று தலையைக் குனிய வேண்டும். அவர் கடந்து போன பிறகு ஏறிக்கொள்ளலாம்.

ஒருநாள் மத்தியாஸின் அப்பனுக்குக் காய்ச்சல். குடையோடு நடந்து வந்தவனுக்குக் குதிரை வரும் சத்தம் கேட்கவில்லை. துரை குதிரையிலிருந்து இறங்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. பிரம்பை ஒரு வீச்சு வீசினார், அப்பன் கானுக்குள் விழுந்தான், விரித்த குடை அவன்மேல் கிடந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மத்தியாஸின் கை அன்றைக்குத் தன் குடையைத் தானாக மடக்கியது. அதற்குப் பிறகு அந்தக் கை அவரைக் கேட்டு மடக்கியதே இல்லை.

மீசை முளைத்ததும் தோட்டத்தை விட்டு ஓடினார். அந்நாளில் துரை துண்டு, அதாவது விலகல் சீட்டு, கொடுக்காமல் ஓடினால் பிடித்துச் சிறையில் போடுவார்கள். அவரைத் தப்பவைத்தது அக்கா அந்தோனியம்மா. விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, கங்காணியின் முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள், "தம்பி காய்ச்சல்ல கெடக்கான்." அந்த ஒரு பொய்யில் கிடைத்த பொழுதில் அவர் மலை இறங்கிவிட்டார். பொய் வெளியான பிறகு அக்காவுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகவுமில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இதற்கு நான் அவருக்காகப் பரிந்து பேசப் போவதில்லை. பெற்றவள் போன பிறகு தூக்கி வளர்த்தவளை அப்படி விட்டிருக்கக் கூடாது.

அவருடைய மனைவி பியட்றிஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கலியாணத்துக்கு முன்னால், ஒரு தூறல் நாளில், குளக்கரையில் இருவரும் ஒரே குடைக்குள் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு துரை வந்தான். படக்கென்று குடை மடங்கியது. பியட்றிஸ் நனைந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மாப்பிள்ளையைக் காணோம். கானுக்குள் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளையாக அவள் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டறிந்துகொண்டு, அன்றைக்கே ஒரு கட்டளை போட்டாள்.

"இனிமே நீங்க குடையே தொடக்கூடாது. நனைஞ்சா துடைச்சுக்கலாம். இதைத் துடைக்க முடியாது."

அதோடு மத்தியாஸ் குடையை விட்டார். மடக்கக் குடை இல்லாததால் காலும் கானைத் தேடவில்லை. ஒரே மகள் டொரதிக்குக்கூட ஏன் என்று தெரியாது. சின்னப்பிள்ளையிலிருந்து அப்பாவின் நனைந்த கோட்டை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயப்போடுவது அவள் வேலை.

அந்த டொரதிக்குத்தான் இப்போது சம்பந்தம் வந்தது. கம்பளைத் தபால் கந்தோருக்கு மாற்றலாகி வந்த அமலதாஸ் என்ற பையன் அவளை மாதா கோயிலில் பார்த்தான். பார்த்தவன் பூசையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டொரதிக்கும் அவனைப் பிடித்துவிட்டது. கேட்டால் சொல்ல மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கண்ணாடிக்கு முன்னாலிருந்து அவளை இழுத்துக்கொண்டு வர வேண்டும். பையனின் தகப்பன் கபிரியேல், யாழ்ப்பாணத்தார், கண்டியில் அரசாங்க உத்தியோகம். மத்தியாஸை வேலைத்தலத்திலேயே வந்து பார்த்தார்.

"நீங்கள் குறை நினைக்கக் கூடாது," என்றார் கபிரியேல். "எனக்குச் சீதனம் பெரிசில்லை. ஆக்கள் ஆரெண்டு தெரிய வேணும். அவ்வளவுதான். வியாழக்கிழமை பின்னேரக் கோச்சியில உங்களோடயே வாறன், வீட்டைப் பாத்துப்போட்டுச் சொல்லிறன்."

ஆக்கள் ஆர்? எந்தக் குடி, எந்த இனசனம்? அதைத்தானே மத்தியாஸ் இருபத்தைந்து வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறார்!

பியட்றிஸ் கலங்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அவரோடு ஒரே குடைக்குள் நடந்தால்தானே வம்பு? ஹலீமின் வாடகைக் காரை ரயிலடிக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்தாள். "கார்ல ஏறுங்க, வீட்டு வாசல்ல இறங்குங்க. நடுவுல ஒண்ணும் நடக்காது. நீர்கொழும்பைப் பத்திக் கேட்டா இருமுங்க, நான் பேசிக்கிறேன்," என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. ஆடி மாதம், மகாவலி ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, மழை காலையிலிருந்து விடவில்லை. மாலை ரயிலில் கபிரியேல் மத்தியாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் கண்டியில் வாங்கிய கேக் பெட்டி, தொடையிடுக்கில் வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை. மத்தியாஸ் அந்தக் குடையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். எதிரே ஜமால்தீன் வேறு, "ஐயா, ஒங்கட சம்பந்திக்கு முதல்ல ஒரு குடையைச் சீரா குடுங்க," என்று வாயை வைத்தார். கபிரியேல் புன்னகைத்தார். மத்தியாஸுக்கு எழுந்துபோய் ஜமால்தீனின் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

கம்பளையில் இறங்கினால் காரைக் காணோம். பள்ளப்பாதையில் தண்ணீர் ஏறி ஹலீமின் கார் அங்கேயே நின்றுவிட்டதாம். ரயிலடிக் கூலி ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்.

"அதுக்கென்ன, நடப்பம்," என்றார் கபிரியேல், குடையை விரித்தபடி.

"வேணாம் ஐயா, மழை விடட்டும், கொஞ்சம் இருந்து..."

"கம்பளையில மழை விடுறதோ? வாங்கோ." குடையை மத்தியாஸ் பக்கம் நீட்டினார். "நீங்கள் உயரம், நீங்கள் பிடியுங்கோ. நான் கேக்கைப் பிடிக்கிறன்."

மறுக்க ஒரு காரணம் வேண்டுமே! கை உளையும் என்று சம்பந்தி ஆகப்போகிறவரிடம் சொல்ல முடியுமா? மத்தியாஸ் குடையை வாங்கினார். கலியாணத்துக்கு முன்னாலிருந்தே தொடாத பொருள். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, அருள்நிறை மரியே மந்திரத்தை உதட்டுக்குள் முணுமுணுத்தபடி நடந்தார்.

கடைத்தெரு தாண்டியது. கோயில் திருப்பம் தாண்டியது. வீட்டுக் கூரை தெரியும் இடம் வந்துவிட்டது. கபிரியேல் யாழ்ப்பாணத்து மழைக்கும் கம்பளை மழைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டு வந்தார். மத்தியாஸ் கொஞ்சம் மூச்சு விட்டார். விட்ட மூச்சோடு தலையையும் நிமிர்த்தினார். அங்கேதான் பிழை.

எதிரே மழைத்தாரைக்குள் ஓர் உருவம். முழங்கால்வரை காற்சட்டை, நீளக் காலுறை, தலையில் பெரிய வெள்ளைத் தொப்பி, கையில் பிரம்பு, முன்னால் ஒரு நாய்.

குடை மடங்கிவிட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடை கக்கத்தில், சப்பாத்து இரண்டும் கையில், ஆள் கானுக்குள் முழங்கால் தண்ணீரில், தலை நெஞ்சில். நடுப்பாதையில் கபிரியேல் கேக் பெட்டியோடு, கொட்டுகிற மழையில், வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார்.

தொப்பிக்காரர் கிட்டே வந்தார். கபிரியேலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "குட் ஈவினிங்," என்றார். கானுக்குள் நிற்பவரைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, ஏதாவது விழுந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். பதில் வராததால் நாயை அதட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் துரையே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், மிருக வைத்தியர். போயும் போயும் ஒரு மாட்டு வைத்தியருக்கு! இருபது வருஷம் நனைந்து காப்பாற்றியதை மத்தியாஸ் ஒரு தொப்பிக்காகக் கொட்டிவிட்டார்.

கபிரியேலின் முகத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கானைப் பார்த்துக் கேட்டார்.

"தொப்பியைக் கண்டு சுவாமியாரெண்டு நினைச்சீரோ?"

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டதை மத்தியாஸ் கவனித்தார். ஆனால் நீட்டப்பட்டது ஒரு கயிறு. பிடித்தால் கரை ஏறலாம்.

"ஓம்," என்றார். "சுவாமியாரெண்டுதான்..."

கபிரியேல் கையை நீட்டிக் குடையை வாங்கினார். தானே விரித்தார். தன் தலைக்கு மேல் மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மத்தியாஸ் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு, பின்னால் போனார்.

வாசலில் நின்ற பியட்றிஸ், அவர் கையில் சப்பாத்தைக் கண்டதும் விளங்கிக்கொண்டாள். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே துவாய் கொடுத்து, கதிரையைத் துடைத்துப் போட்டு, டொரதியைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னாள். கேக் பெட்டி ஊறிப்போய் மேசைமேல் கூழாகக் கிடந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் அது தெரிந்தது.

"உங்கட மனுசன் ஆரோ ஒருத்தரைச் சுவாமியாரெண்டு நினைச்சுப் பயந்துபோனார்," என்றார் கபிரியேல்.

"அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்," என்றாள் பியட்றிஸ் சட்டென்று.

தேத்தண்ணித் தட்டோடு வந்த டொரதி, வெள்ளந்தியாக, "சுவாமி நேத்தே நாவலப்பிட்டிக்குப் போயிட்டாரே!" என்றாள்.

பியட்றிஸ் மகளை உள்ளே போகச் சொன்னாள். டொரதி அப்பாவின் நனைந்த கோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். கபிரியேல் கோப்பையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியாஸ், நான் மடையனில்லை. சுவாமியாரைக் கண்டா முழந்தாளிடுவினம். கானுக்குள்ள இறங்கிச் சப்பாத்துக் கழட்ட மாட்டினம். நான் தோட்டங்களுக்கு வேலையாப் போய்வந்த மனுசன், ஆர் அப்பிடிச் செய்யிறதெண்டு எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா என்ர பெடியன் உம்மட பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான். பிள்ளையில ஒரு குறை சொல்லேலாது. அதால, இண்டைக்கு நீர் கண்டது சுவாமியார்தான். நாளைக்கும் சுவாமியார்தான். நீர் சாகுமட்டும் சுவாமியார்தான். சரியோ?"

கபிரியேல் கெட்டவரில்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் எழுந்து போயிருப்பார், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

"சரி," என்றார் மத்தியாஸ்.

"இன்னுமொண்டு. அங்கால உமக்கு ஆரும் இருக்கினமோ? அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி?"

"ஒருத்தரும் இல்லை," என்றாள் பியட்றிஸ்.

"நான் அவரைக் கேக்கிறன்."

ஒரு சொல். இல்லை என்கிற ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் டொரதியின் கலியாணம் நடந்துவிடும், ரயில் பெட்டியில் அவருடைய இடம் அவருக்கே இருக்கும், மழைக்கு நனைந்துகொண்டு நிம்மதியாகச் செத்துப்போகலாம். மத்தியாஸ் வாயைத் திறந்தார். தம்பி காய்ச்சல்ல கெடக்கான் என்ற அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. அவள் எனக்காக ஒரு பொய் சொன்னாள், நான் அவளையே பொய்யாக்கப் போகிறேனா என்று நினைத்தார். பெரிய வெள்ளியன்று கோயிலில் பேதுரு ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலித்ததை வாசிக்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வதுண்டு. இப்போதும் குனிந்தார்.

"அப்பா." டொரதி கதவருகில் நின்றாள். கோட்டு இன்னும் அவள் கையில்தான் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "இத்தனை வருஷமா நனைஞ்சு நனைஞ்சு வாறீங்களே, நான் காயப்போட்டுக் காயப்போட்டுத் தாறேனே, அது இதுக்காகவா?"

அவ்வளவுதான். மத்தியாஸுக்குள் கட்டி வைத்திருந்தது உடைந்தது.

"எனக்கு ஒரு அக்கா இருக்கு," என்றார். நீர்கொழும்பும் கண்டியும் கழன்று விழுந்து, லயத்துப் பேச்சு தானாக வந்தது. "அந்தோனியம்மா. மடுல்கெல்லத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறா. உசிரோட இருக்காளான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. ஆனா இல்லேன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

கபிரியேல் எழுந்தார். குடையை எடுத்தார், வாசலில் விரித்தார், மழைக்குள் போய்விட்டார்.

பியட்றிஸ் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "என் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்க நாக்கு அழுகியா போயிரும்?" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பொய்க்குக் காவல் இருந்து களைத்தவள் அவள்தான். டொரதி அழவில்லை. கோட்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டு, திரும்பி வந்தாள்.

"அத்தை பேரு என்னன்னு இன்னொருக்காச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு காலையும் மத்தியாஸ் பெட்டிக்குள் காலை வைக்குமுன் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தெரிந்துவிட்டதா? ஜமால்தீன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தால், எனக்கா? யாராவது எழுந்து இடம் மாறினால், என்னாலா? டொரதியோ சோற்றைக் கிண்டிவிட்டு எழுந்துவிடுவாள். பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. கபிரியேல் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் வீட்டுக் கதையும் சேர்ந்து நாறும் என்று பயந்திருக்கலாம்.

கடைசியில் அவரே கண்டி ரயில் நிலையத்தில் மத்தியாஸை மறித்தார். ஆள் மெலிந்திருந்தார்.

"பெடியன் வீட்டில சாப்பிடுறானில்லை. தாய்க்காரி என்னோட கதைக்கிறாளில்லை. நடக்கட்டும். உம்மட அக்காவும் வரட்டும். ஆனா கோயில்ல கடைசி வாங்கில இருக்கட்டும். ஆரும் கேட்டா, பிள்ளையை வளர்த்த ஆயா எண்டு சொல்லும்."

மத்தியாஸ் பேசாமல் நின்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கபிரியேல் போய்விட்டார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்களை ஏன் தவிக்கவிட வேண்டும்? கலியாணம் தை மாதம் நடந்தது. கடைசி வாங்குப் பலகையில் ஒருவரும் இருக்கவில்லை. டொரதி தன் கையாலேயே அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வாங்கில், பியட்றிஸுக்குப் பக்கத்தில் இருத்தினாள். கபிரியேல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றார். பெட்டிக்கும் எல்லாம் தெரிந்துபோனது. ஜமால்தீன் மறுநாள் ஒன்றுமே கேட்காமல் மத்தியாஸின் இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கலியாணத்தையல்ல. அதற்கு முன்னால், அக்காவைக் கூப்பிட அவர் போன ஞாயிற்றுக்கிழமையை.

புறப்படும்போது டொரதி ஒரு புதுக் குடையை அவர் கையில் திணித்தாள். "மடக்காமப் போங்க," என்றாள். மத்தியாஸ் கோட்டுப் போட்டு, சப்பாத்துக்கு மெருகு போட்டு, வத்தேகமையில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, மிச்சத் தூரத்தை நடந்தார். ஓடி வந்த அதே பாதை. தேயிலைக்கு மேல் தூறல். அக்கா இருக்கிறாளா? இருந்தால் என்ன சொல்வாள்? முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்திருந்தார். கை குடையை மடக்கப் பார்த்தது, அவர் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

வளைவில் ஒரு பெண் வந்தாள். நரைத்த தலை, தேய்ந்த சேலை, கம்பி ஒடிந்து நூலால் கட்டிய பழைய குடை. கடைக்குப் போகிறாள் போல. நிமிர்ந்து பார்த்தாள். கோட்டையும் சப்பாத்தையும் விரித்த குடையையும் கண்டாள். உடனே தன் குடையை மடக்கினாள், பாதையை விட்டு இறங்கினாள், கானுக்குள் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியாஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் எந்தத் துரை வருகிறான்? ஒருவருமில்லை. பாதை காலியாகக் கிடந்தது. அவள் மடக்கியது அவருக்காக. நனைந்துகொண்டு நிற்கிற அந்த முகத்தில் அப்பனின் மூக்கும் நாடியும் அப்படியே இருந்தன.

ஐயோ என்று வாய்விட்டு அலறிவிட்டார் மனிதர். சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே கானுக்குள் இறங்கி, தண்ணீர் சளசளக்க அவள் பக்கத்தில் போய் நின்று, டொரதி கொடுத்த குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். கை மடக்கவில்லை.

"அக்கா... நான் மத்தியாஸ்."

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். கோட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்களை நீட்டி, அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் எறங்கிருச்சாடா?" என்றாள் அந்தோனியம்மா.